பெனாகுர்வா கோட்டையின் பெரிய வாசல்

1994ஆம் வருஷம் மே மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அவெய்ரோ நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்த நாற்பத்தொரு ஓய்வூதியக்காரர்கள் பெனாகுர்வா கோட்டையின் பெரிய வாசல் வழியாக உள்ளே போய், பதினொன்றே காலுக்குச் சிலுவைப்போர்த் துறவி வீரர்களாக வெளியே வந்தார்கள். அவர்களில் இருபத்தாறு பேர் பெண்கள். வாசல் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. அன்று வெயில் மிதமாக இருந்தது. ஆலிவ் மரங்கள் மொட்டு விட்டிருந்தன. நுழைவுச் சீட்டு இருநூறு எஸ்குடோ, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாதி.

அதற்கு முன்னால் இப்படி நடக்காததற்குக் காரணம் உண்டு. 1755ஆம் வருஷத்து நிலநடுக்கத்தில் பெரிய வாசலின் வளைவு இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு கோட்டைக்குள் போன ஆடுகளும் காதலர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுற்றுலாக்காரர்களும் பின்மதிலில் இருந்த உடைப்பு வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். அந்த வசந்தத்தில்தான் தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து வளைவைக் கட்டினார்கள், புது ஓக் மரக் கதவு மாட்டினார்கள்; அவர்களும் உடைப்பு வழியாகவே போய்வந்தார்கள். கோட்டையைக் கட்டிய அந்தத் துறவி வீரர்களின் ஆலய வீரர் சபையைப் பாப்பரசர் ஏறக்குறைய எழுநூறு வருஷத்துக்கு முன்பே கலைத்துவிட்டார் என்ற செய்தியை அந்த வாசலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சபை கலைந்ததற்கும் நிலநடுக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் வழியாகப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குப் பதிவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நானூற்றுச் சொச்சம் வருஷத்துப் பங்குக் கோயில் குறிப்பேடுகளில் கல்யாணமாகாமல் செத்த ஆண்களின் எண்ணிக்கை கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது.

பெனில்டே கர்ராப்பாத்து அந்தக் கோட்டையில் பத்தொன்பது வருஷமாக வழிகாட்டியாக இருந்தவள். வயது நாற்பத்து மூன்று. எந்தக் கல்லில் எந்த வீரன் வாள் தீட்டினான், எந்தக் கிணற்றில் எந்தப் பிசாசு விழுந்தது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள், பாதி உண்மை. திறப்பு விழா அன்று சிற்றாலயத்தில் விளக்குப் போடுவதற்காக வழக்கம்போலப் பின்மதில் உடைப்பு வழியாக உள்ளே போய்விட்டாள். அதுதான் அவளைக் காப்பாற்றியது. ஊராட்சித் தலைவர் ரிப்பனை வெட்டிய கையோடு மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்குட்டி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. பஸ் ஓட்டி வந்த அதெலீனோ ஃப்ரகோசுவைக் காப்பாற்றத்தான் ஒன்றும் இல்லாமல் போனது. அவன் வண்டியைவிட்டு இறங்குகிற வழக்கமே இல்லாதவன். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒரு கிழவி தன் மாத்திரைப் பையை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போக, அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான், பெரிய வாசல் வழியாக.

அதெலீனோ பெனில்டேவுக்கு நிச்சயிக்கப்பட்டவன். நிச்சயம் நடந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் தள்ளிப்போனதற்கு அவன் தாய் தோனா பெர்பேத்துவாதான் காரணம். தேதி குறிக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு அடைக்கும். இரண்டு தடவை செத்தே போனாள். கோயில் பாதிரியார் ஒராசியோ சாமி வந்து கடைசி எண்ணெய் பூசிய பிறகு, தேதி ரத்தாகிவிட்டது என்று உறுதியானதும் எழுந்து சூப் கேட்டாள். இந்தத் தடவை பெனில்டே அவளிடம் சொல்லாமலே ஜூன் இருபத்தைந்து என்று கோயிலில் எழுதிவைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்குச் சாம்பல் நிறத்தில் கோட்டும் தைத்தாயிற்று.

பதினொன்றே காலுக்கு அவர்கள் வெளியே வந்தபோது பெனில்டே நினைவுப்பொருள் கடை வாசலில் நின்றிருந்தாள். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூடக் கடைக்குள் வரவில்லை. இரண்டு இரண்டு பேராக, தலை குனிந்து, சத்தமில்லாமல் வரிசையில் நடந்து போனார்கள். வரிசையின் கடைசியில் மாத்திரைப் பையைக் கையில் பிடித்தபடி அதெலீனோ வந்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடிக்கப் போனாள். அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"தொடாதே பெனில்டே. எனக்கு விதி இருக்கு."

"என்ன விதி?"

"இன்னும் சரியாத் தெரியல. ஆனா இருக்கு."

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆட்டுக்குட்டிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும் என்று பாதித் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவன் தின்கிற அளவை மற்றவன் கவனித்து, அவனுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சாப்பிடும்போது பேசக் கூடாது, ஒருவர் புனித நூல் வாசிக்க வேண்டும். புனித நூல் கைவசம் இல்லாததால் வால்டெமார் கிந்தேலா என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் எழுந்து நின்று பஸ்ஸின் தீயணைப்புக் குறிப்பேட்டைக் கனமான குரலில் வாசித்தார். கேட்டவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாலைக்குள் முடிதிருத்தகத்தில் நாற்பத்திரண்டு தலைகள் ஒட்ட வெட்டப்பட்டன. நாடா வைத்த காலணிகளையும் முனை கூர்ந்த காலணிகளையும் ஏழைகளுக்கு என்று கோயில் படியில் வைத்துவிட்டார்கள். கணவன் மனைவியாக வந்திருந்த ஏழு ஜோடிகள் ஒருவரையொருவர் "சகோதரரே" என்று அழைத்துத் தனித்தனியாகப் படுத்தார்கள்; விசாரித்தபோது, பெரிய மாறுதலாகத் தெரியவில்லை என்றார்கள்.

பிள்ளைகள் அவெய்ரோவிலிருந்து காரில் வந்து அழுதார்கள், மிரட்டினார்கள். எட்டுப் பேரை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த எட்டுப் பேரும் வீட்டிலேயே விதியைக் கடைப்பிடித்தார்கள். அப்பாவும் அம்மாவும் இவ்வளவு தொந்தரவில்லாமல் இருந்து தாங்கள் பார்த்ததே இல்லை என்று பிள்ளைகள் பிறகு கடிதம் எழுதினார்கள். மற்றவர்கள் கோட்டையிலேயே தங்கினார்கள். பல் டாக்டரைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். யாத்ரீகர்கள் போகிற பாதையைக் காப்பது சபையின் கடமை என்பதால், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஊருணிவரை இருக்கிற அறுநூறு மீட்டர் சாலையில் யார் நடந்தாலும் இரண்டு பேர் கைத்தடியோடு கூடவே நடந்தார்கள். சந்தைக்குப் போய்வரும் பெண்களுக்கு இது வசதியாக இருந்தது; பையையும் வாங்கித் தூக்கிக்கொண்டார்கள். வேட்டையில் சிங்கத்தை மட்டும்தான் தொடலாம் என்று விதியில் இருந்ததால் காட்டுப்பன்றிகளும் முயல்களும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. ஆகஸ்டில் வந்த ஒரு சர்க்கஸ் கம்பெனி மட்டும், முப்பத்து மூன்று கிழவர்களும் கிழவிகளும் சிங்கக் கூண்டைச் சுற்றி வியூகமாக நிற்பதைக் கண்டு, கூடாரத்தை விரிக்காமலே அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

தோனா பெர்பேத்துவா செய்தி கேள்விப்பட்டதும் மாதா சொரூபத்துக்கு முன்னால் ஆறு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவள் செத்துப்போக வேண்டிய தேவையே இல்லாமல் கல்யாணம் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, இலவங்கப்பட்டை தூவிய பால்சோற்றை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, துறவியான மகனைக் கண்குளிரப் பார்க்க மலை ஏறினாள். நாற்பத்தாறு வருஷமாகத் தினமும் காலையில் அவன் அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்ட பிறகுதான் அவள் காபி குடிப்பாள். கன்னத்தை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"என்னடா?"

"அம்மா, விதி. விதவை, கன்னி, தாய், தமக்கை, அத்தை, யாரையும் முத்தமிடக் கூடாது."

"தாயையுமா? தாயை எதுக்குடா அந்தப் பட்டியல்ல போட்டான்? எந்த ராட்சசன் எழுதினான் அதை?"

"ஒரு புனிதர்தாம்மா."

"அவனுக்கு அம்மா இல்லையா?"

இந்தக் கேள்விக்குச் சபை ஒழுங்கில் பதில் இல்லை. பெர்பேத்துவா பால்சோற்றை வாசற்படியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெனில்டேவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"உள்ள வரலாமாடீ?"

"வாங்க தோனா பெர்பேத்துவா. உக்காருங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"குத்திக் காட்டாதே. நான் இன்னும் காபி குடிக்கல." பெர்பேத்துவா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு பொம்பளைகிட்ட அவனைப் பங்கு போட்டுக்கலாம்னா பங்கு போட்டுக்கறேன். நாப்பது கிழங்ககிட்டப் பங்கு போட என்னால ஆகாது. என்ன செய்யலாம், சொல்லு."

இருவரும் சேர்ந்து ஒராசியோ சாமியிடம் போனார்கள். சாமி தம் மேலதிகாரியான மேற்றிராணியாருக்கு எழுதினார். இல்லாத சபையின்மேல் தமக்கு அதிகாரம் இல்லை, இருக்கும் பட்சத்தில் அது பாப்பரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டது என்று பதில் வந்தது. சாமி ரோமாபுரிக்கு எழுதினார். அந்த விஷயம் 1312ஆம் வருஷமே தீர்த்துவைக்கப்பட்டுவிட்டது என்று, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. இதற்குள் ஜூன் இருபத்தைந்து வந்து, ஒரு சனிக்கிழமையாக இருந்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு முழுக்கப் பெனில்டே வீட்டில் ஜன்னல்களைக் கழுவினாள். கழுவியவற்றையே மறுபடியும் கழுவினாள்.

சபைச் சகோதரர்கள் பெண்களோடு பேசக் கூடாது. ஆனால் யாத்ரீகருக்கு வழி சொல்லலாம், கேட்டதற்குத் தளபதி மட்டும் பதில் சொல்லலாம். இதைக் கண்டுபிடித்த பிறகு பெனில்டே தினமும் சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்கு யாத்திரை போனாள். அவள் வீட்டில் குழாயில் நன்றாகவே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதெலீனோவோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர் தளபதி கிந்தேலாதான் என்பதால், காவலுக்கும் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அவள் நடுவில் நடப்பாள். இடது பக்கம் பல் டாக்டர், வலது பக்கம் பூமியைப் பார்த்தபடி அதெலீனோ. அவள் டாக்டர் பக்கம் திரும்பிப் பேசுவாள்.

"டாக்டர், உங்க சகோதரர்கிட்டக் கேளுங்க, ஜூன் இருபத்தஞ்சு என்ன நாள்னு ஞாபகம் இருக்கான்னு."

டாக்டர் மரியாதையான மனிதர். அவளுக்கு முன்னால் குனிந்து அதெலீனோவின் முகத்தைப் பார்த்தார். "ஞாபகம் இருக்கு போலத் தெரியுதும்மா. காது சிவந்திருக்கு."

"நல்லாச் சாப்பிடறாரான்னு கேளுங்க."

"அது எனக்கே தெரியும். அவர் தின்னறதைப் பாக்கறதுதான் என் வேலை. ஞாயிறு, செவ்வாய், வியாழன் கறி. மத்த நாள் பயறு. பயறை ஒதுக்கிவெக்கறார்."

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். கோட்டு இன்னும் பெட்டியிலயேதான் இருக்குன்னு சொல்லுங்க. ஆகஸ்ட் வந்தா பூச்சி அரிக்கும். வித்துடட்டுமான்னு கேளுங்க."

ஊருணி வந்ததும் அதெலீனோ கையை நீட்டினான். குடத்தை வாங்கி நிரப்பினான். திருப்பிக் கொடுக்கும்போது, தரையைப் பார்த்தபடியே, வாய்க்குள் சொன்னான்: "விக்காதே. லாவெண்டர் போட்டுவை."

அந்த ஒரு வரிக்காகச் சபை கூடி அவனுக்கு எட்டு நாள் தண்டனை விதித்தது. நாய்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவன் சந்தோஷமாகச் சாப்பிட்டான் என்று டாக்டரே பிறகு சொன்னார். பெனில்டே அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி, கோட்டுப் பைகள் நான்கிலும் லாவெண்டர் திணித்துவிட்டு, பத்தொன்பது வருஷமாகத் தான் மேலோட்டமாகப் புரட்டிக்கொண்டிருந்த சபை ஒழுங்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க உட்கார்ந்தாள். அறுநூற்றுச் சொச்சம் பிரிவுகள். குதிரைக்கு எத்தனை படி வாற்கோதுமை, கூடாரத்துக்கு எத்தனை முளை, எல்லாம் இருந்தது. இருநூறு பிரிவுகளைத் தாண்டிய பிறகு அவள் தேடியது கிடைத்தது. சபையிலிருந்து ஒரு சகோதரனை நிரந்தரமாக நீக்குவதற்குரிய குற்றங்கள் ஒன்பது. கொலை, திருட்டு, சதி, எதிரிக்கு அஞ்சிக் கொடியை விட்டு ஓடுதல் என்று வரிசையாகப் போய், அவற்றோடு ஒன்றாக இதுவும் இருந்தது: கோட்டையைவிட்டு அதற்குரிய வாசல் அல்லாத வேறு வழியாக வெளியேறுதல்.

பின்மதில் உடைப்பைத் திறப்பு விழாவுக்கு மறுநாளே சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது மேற்குப் பக்கத்துச் சமையலறை ஜன்னல் மட்டும். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம். மாவு மூட்டை உள்ளே இழுக்கிற அளவு அகலம். அதெலீனோவோ மே மாதத்தில் நூற்று நான்கு கிலோ இருந்தவன்.

"ஒதுக்கின பயறுல இளைச்சிருப்பான்," என்றாள் பெர்பேத்துவா. "ஆனா அவனா வரமாட்டான். வார்த்தைப்பாடு குடுத்துட்டா என் மகன் அசையமாட்டான். உன்கிட்டக் குடுத்ததைத்தான் பதினோரு வருஷமா வெச்சிருந்தானே. நான் கீழ நின்னு சாகறேன். எட்டிப் பாப்பான். அப்பப் பிடிச்சு இழு."

"மூணாந்தடவையும் நம்புவாரா?"

"நல்லாச் சாகறேன்டீ. நீ ஏணியைப் பிடி."

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள், வியாழக்கிழமை. சகோதரர்கள் மத்தியானக் கறியைச் சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து இருவரும் மேற்கு மதிலுக்குக் கீழே போனார்கள். பெர்பேத்துவா புல்லில் படுத்து, ஊரே கேட்கும்படி மூன்றாவது முறையாகச் செத்தாள். ஜன்னலில் அதெலீனோவின் முகம் தெரிந்தது. தாய் கிடக்கிற விதத்தைப் பார்த்தான். பாவாடை மடிப்புக் கலையாமல் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏணியின் உச்சியில் பெனில்டே நின்றிருந்தாள். கூப்பிட வேண்டும் என்று வந்தவள் தோளில் போட்டிருந்த சாம்பல் கோட்டை மட்டும் எடுத்து நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். உள்ளே திரும்பி, தட்டைப் பிடித்தபடி நின்றிருந்த பல் டாக்டரைப் பார்த்தான்.

"தளபதி, எனக்கு அம்மா சாகலைன்னு தெரியும். தெரிஞ்சுதான் போறேன். எழுதிக்குங்க."

"எழுதிக்கிறேன் சகோதரா," என்றார் டாக்டர். "மிச்சக் கறியை என்ன செய்யட்டும்?"

"நாய்க்குக் குடுத்துடுங்க. நல்ல நாய்ங்க." இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். "பிடி பெனில்டே."

அவள் பிடித்து இழுத்தாள். செத்துக்கிடந்த பெர்பேத்துவா எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தலை வந்தது, தோள் வந்தது, வயிற்றில் பாதி வந்தது. தொப்புளில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நான்கு நாள் அப்படியே இருந்தான்.

தொப்புளுக்கு மேல் இருந்த பாதி கோட்டையைவிட்டு வாசல் அல்லாத வழியாக வெளியேறிவிட்டதால் அந்தக் கணமே சபையிலிருந்து நீக்கப்பட்டதாயிற்று. அது முதலில் ஒரு சிகரெட் கேட்டது. பிறகு ஏணி ஏறி வந்த தாயின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டது. பெர்பேத்துவா வீட்டுக்கு ஓடிப் போய் நான்கு மாதத்துக் காபியையும் சேர்த்துக் குடித்தாள். பிறகு அது பெனில்டேவை முத்தமிட்டது, கால்பந்து லீக்கில் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று விசாரித்து வாய்க்கு வந்தபடி திட்டியது. தொப்புளுக்குக் கீழ் இருந்த பாதி அசையாமல் விரதத்தில் இருந்தது. ஜெபவேளை மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளே முழங்கால்கள் தாமாக மடிந்து, பரலோக மந்திரம் பதின்மூன்று முறை சொல்கிற நேரம் அப்படியே நின்று, பிறகு நிமிர்ந்தன என்று டாக்டர் உள்ளிருந்து தெரிவித்தார். மேலே சிகரெட் புகைகிறபோதே கீழே மண்டியிட்டிருக்கிறது என்று ஊரிலிருந்து பலர் வெளிப்பக்கமும், இரண்டு பேர் உள்பக்கமும் போய்ப் பார்த்தார்கள். உள்பக்கம் பார்க்கப் பெரிய வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்ததால், ஊர் ரொட்டிக்காரரும் தபால்காரியும் அந்த வாரத்தில்தான் சபையில் சேர்ந்தார்கள்.

இரண்டாம் நாள் பெர்பேத்துவா ஒராசியோ சாமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "சாமி, இப்ப எங்கயும் ஓடமாட்டான். இப்பவே முடிச்சுவையுங்க."

"பாதி ஆளுக்கு எப்படிம்மா கல்யாணம் செய்துவைக்க? மத்த பாதி துறவியில்ல?"

"சம்மதம்னு சொல்றது எது? வாய்தானே? மோதிரம் போடறது எங்க? கையிலதானே? ரெண்டும் வெளியதான் இருக்கு. உங்க புத்தகத்துல கால் சம்மதிக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

சாமி போய்த் திருச்சபைச் சட்டத்தை ஒரு ராத்திரியும் ஒரு பகலும் புரட்டினார். எங்கும் போட்டிருக்கவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாமி ஏணியிலும், பெனில்டே பள்ளிக்கூடத்து மேஜை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன்மேலும் நிற்க, கல்யாணம் நடந்தது. சாம்பல் கோட்டு சரியாகப் பொருந்தியது. அதில் லாவெண்டர் வாசனை பலமாக அடித்ததால் மாப்பிள்ளை மூன்று தடவை தும்மினான். "சம்மதம்" என்று அவன் சொன்னதும் பெனில்டே அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, தன் பங்குக்கு மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். உள்ளே சகோதரர்கள் பாடினார்கள்; பாடக் கூடாது என்று விதியில் இல்லை. நான்காம் நாள், செக்குக்காரர் பன்னிரண்டு லிட்டர் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து ஜன்னலில் ஊற்றியதும் அவன் பாட்டிலிலிருந்து தக்கை வருகிற சத்தத்தோடு வெளியே வந்தான். அந்த வருஷம் எண்ணெய் நல்ல விளைச்சல், அவர் காசு வாங்கவில்லை.

கீழ்ப்பாதியும் அதே ஜன்னல் வழியாகத்தானே வந்தது, அதுவும் நீங்கியிருக்க வேண்டுமே என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் கால்கள் தாமாக வெளியேறவில்லை, இழுக்கப்பட்டன. இழுத்துச் செல்லப்பட்டவன் ஓடிப்போனவன் ஆகமாட்டான், கைதியாகத்தான் கொள்ளப்பட வேண்டும் என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார். அது சரியாகவும் இருந்தது. ஒவ்வொரு ஜெபவேளைக்கும் கால்கள் அதெலீனோவைத் தூக்கிக்கொண்டு மலையேறின. மேல்பாதி கிளாஸைக் கையில் பிடித்தபடி, "இருங்க, இதோ வந்துடறேன்" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே போனது. பஸ் ஓட்டும்போது சாலையோரம் யார் நடந்து போனாலும் வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது. யாத்ரீகர் வண்டியில் ஏறும்வரையோ, ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்யும்வரையோ அதை எடுக்கவில்லை. பயணிகள் அரை மணி முன்னதாகக் கிளம்பப் பழகிக்கொண்டார்கள். வீட்டில் கால்கள் சபை முறைப்படி காலுறையோடு படுத்தன, பெனில்டேவின் கால் பட்டால் கட்டிலின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தன. அவள் ஆறு வாரம் பொறுத்தாள். ஏழாவது வாரம் சபை ஒழுங்கை எடுத்துக்கொண்டு பெரிய வாசலுக்கு வெளியே போய் நின்று, தளபதியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"டாக்டர், அறுபத்தொம்பதாம் பிரிவைப் படிங்க. கல்யாணமான சகோதரர்கள்னு ஒண்ணு இருக்கு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இருந்தது. மனைவி உள்ளவர்களைச் சபையோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் மற்ற சகோதரர்களோடு ஒரே வீட்டில் தங்கக் கூடாது, வெள்ளை அங்கி அணியக் கூடாது. டாக்டர் அந்தப் பிரிவை இன்னொரு தடவை படித்தார். அவருக்கும் ஒரே தட்டில் சாப்பிட ஆள் இல்லாமல் போனதில் வருத்தம் இருந்தது, ஆனாலும் நேர்மையானவர்.

"அப்படின்னா கால்களை அந்த வகைக்கு மாத்திடலாம். ஜெபத்துக்கு வரணும். காவல் கடமையும் உண்டு. மத்ததெல்லாம் குடும்ப விஷயம், சபை தலையிடாது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஆனா வெள்ளைப் பேண்ட் போடக் கூடாதும்மா. அதுல நான் கண்டிப்பா இருப்பேன்."

"அவருக்கு வெள்ளைப் பேண்டே கெடையாது டாக்டர்."

"வாங்கித் தராதீங்க."

அதற்குப் பிறகு அதெலீனோ கறுப்புப் பேண்ட் மட்டுமே போட்டான். கோடையில் கொஞ்சம் உறுத்தியது. ஊராட்சி பின்மதிலை மறுபடியும் உடைத்து வழி செய்தது, பெரிய வாசலில் ஒரு பலகை மாட்டியது: "இவ்வழி செல்வோர் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளவும்." வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் யோசித்துவிட்டு அந்த வழியாகப் போகிறார்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், சில சமயம் வக்கீல்கள். பெர்பேத்துவா 2003ஆம் வருஷம் நான்காவது முறையாகச் செத்தாள். மூன்று நாள் காத்திருந்து பார்த்த பிறகே அடக்கம் செய்தார்கள். பிணப்பெட்டிக்குப் பின்னால் எழுபத்தோரு சகோதரர்கள் இரண்டு இரண்டு பேராக நடந்தார்கள். முத்தமிடக் கூடாத பட்டியலில் தாயைச் சேர்த்தது பற்றிச் சபை கூடி வருத்தம் தெரிவித்தது, ஆனால் பட்டியலைத் திருத்த அதற்கு அதிகாரம் இல்லை.

பெனில்டே இப்போதும் வழிகாட்டிதான். விடிகாலையில் கால்கள் கிளம்பும்போது அதெலீனோவின் மேல்பாதிக்குத் தூக்கம் கலைந்திருக்காது. ஆலிவ் கிளையில் நெற்றி இடித்துக்கொள்வான் என்று அவளும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுவாள். அவன் ஜெபத்தில் இருக்கிற கால் மணி நேரம் வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காபியை ஊற்றிக் குடிப்பாள். போன வருஷம், சீக்கிரமாகவே மலையேறி வந்துவிட்ட பிராகா நகரத்துப் பெண் ஒருத்தி, கதையையெல்லாம் கேட்டுவிட்டு, இப்படிப்பட்ட ஒரு மனிதரோடு இத்தனை வருஷம் வாழ்வது கஷ்டமாக இல்லையா என்றாள்.

"கஷ்டமா? எதுக்கு?" என்றாள் பெனில்டே. "உங்க ஊர்ல புருஷனோட கால் எங்க போகுதுன்னு எந்தப் பொண்டாட்டிக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் வாசலில் மாட்டியிருந்த பலகையைப் படித்தாள். பிறகு பெரிய வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும், ஆண்களை மட்டும் அனுப்பலாமா என்று விசாரித்தாள். ஒன்பதரைக்கு என்று பெனில்டே சொன்னாள், திங்கட்கிழமை விடுமுறை.